தண்டுகளில் படிந்தவை

செப்டம்பர் 19

பராமரிப்புப் பொறியாளர் ரெகுநாதன் இன்று சென்னையிலிருந்து வந்து, என் கருவியை ஆண்டுக்கொரு முறை பார்வையிடும் சடங்கை நிறைவேற்றிச் சென்றார். என் கருவி என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. ஏற்றுமதிக்குப் போகும் இறாலில் தடைசெய்த மருந்தின் எச்சம் உள்ளதா என்று கண்டு சொல்லும் இந்த நிறைமானி, தூத்துக்குடித் துறைமுகச் சாலையிலுள்ள எங்கள் ஆய்வகத்தில் வந்திறங்கியபோது நான் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதனுடன் வந்த ஆங்கிலக் கையேட்டை மற்றவர்கள் அலமாரியில் அழகாக அடுக்கினார்கள். நான் அதை எடுத்து, மடியில் அகராதியை வைத்துக்கொண்டு, மூன்று மழைக்காலங்கள் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் எனக்குக் கல்வி கொடுத்தவர் எவருமிலர், நானே எடுத்துக்கொண்டேன்.

ரெகுநாதன் பம்ப்பின் அருகில் குனிந்து, "மேடம், இந்த ஆயில் தடுப்பு வால்வு தேஞ்சிருக்கு. பம்ப் எதுக்காவது நின்னுச்சுன்னா, உள்ளே இருக்கிற வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்துடும். மாத்திடலாமே" என்றார்.

"மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. நான் பொறுப்பேற்றதிலிருந்து இந்தப் பம்ப் நின்றதில்லை, நிற்கப்போவதுமில்லை. தேவையற்ற மாற்றங்களை நான் அனுமதிப்பதில்லை" என்றேன்.

"உங்க இஷ்டம் மேடம்" என்று கருவிப்பையை மூடினார்.

அவர் கருவியின் முன்மூடியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில், என் உதவியாளர் ஜெசிந்தா பர்னாந்து எட்டிப் பார்த்தாள். இறாலை அரைத்துச் சாறெடுத்துக் குப்பியில் அடைத்துத் தருவது அவள் வேலை. வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். என்னை "மேடம்" என்று அழைக்கும்படி பலமுறை கூறியும் "அக்கா"வை விடாதவள்.

"இந்தக் கம்பிக்குள்ளயாக்கா எல்லாம் நடக்குது? நம்ம வீட்டு ஜன்னல் கம்பி கணக்கால்லா இருக்கு."

அவளுக்கு முறைப்படி விளக்கினேன். ஊசிமுனையில் தெளிக்கப்படும் திரவத்திலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள், அதாவது அயனிகள், நுண்துளை வழியே உள்ளே நுழைகின்றன. முதலில் அவற்றை வரவேற்பவை வழிநடத்தும் தண்டுகள். அடுத்தடுத்த தண்டுகளில் எதிரெதிரான மின்னழுத்தம், நொடிக்குப் பல இலட்சம் முறை மாறிக்கொண்டேயிருக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அயனி மீண்டும் நடுவுக்குத் தள்ளப்படும். தண்டு அயனியைத் தொடுவதில்லை. தொடாமலே நடத்திச் செல்கிறது. அதற்கடுத்த நான்கு தண்டுகளில் நிலையான மின்னழுத்தமும் சேரும். அங்கே நாம் கேட்கும் நிறையுடைய அயனிக்கு மட்டுமே நேர்வழி. மற்றவை தடுமாறி விலகிவிடும்.

"வெலகி?"

"விலகிவிடும்."

"அதாங்க்கா, வெலகி எங்க போவும்?"

"நமக்கு வேண்டாதவை எங்கே போனால் என்ன? வேண்டியது வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி" என்று முடித்தேன்.

செப்டம்பர் 22

குடிநீர் லாரி வரவில்லை. வீட்டு ஜன்னல் கம்பிகளில் கடற்காற்றின் துரு. உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசினேன்.

மாலையில் ஆய்வகத் தலைவர் முனைவர் சுதர்சன் என்னை அழைத்தார். வந்து எட்டு மாதம் ஆன இளைஞர். நான் எடுக்கும் முடிவுகளின் கீழ் கையெழுத்திடுபவர் அவர். ஏனெனில் கையெழுத்துக்குப் பட்டம் வேண்டும், முடிவுக்கு வேண்டாம்.

"அடுத்த மாசம் இருபத்தேழு அங்கீகாரக் குழு வராங்க மேடம். கருவிப் பொறுப்பாளர்னு உங்க பேர் இருக்கு. தகுதின்னு எழுதுற இடத்துல என்ன எழுதுறது, நீங்களே சொல்லுங்க."

"அனுபவம் என்று எழுதுங்கள்."

"எழுதறேன். ஆனா கருவில ஒரு சின்னக் குறை இருந்தாலும் அவங்க முதல்ல அந்த இடத்தைத்தான் பார்ப்பாங்க. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். ஏதாவது ஆச்சுன்னா நீங்க மாதிரி வாங்குற கவுன்ட்டருக்கு மாறிடுங்க. டென்ஷன் இல்லாத வேலை."

இறால் பெட்டிகளுக்கு எண் ஒட்டும் மேசை அது. நான் நன்றி கூறி எழுந்து வந்தேன். நன்றி என்ற சொல்லை இவ்வளவு கசப்பாக உச்சரிக்க முடியும் என்பதை இதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

செப்டம்பர் 25

ஜெசிந்தா ஒரு பொட்டலம் மக்ரூன் கொண்டுவந்தாள். கருவி அறையில் தின்பண்டம் கூடாது என்று கூறி வெளியே அனுப்பினேன். பொட்டலத்தை வீட்டில் பிரித்தேன். முந்திரி மணம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 4

ஆயுத பூஜை. ஒவ்வோர் ஆண்டும் இதற்கு நான் வகுத்துள்ள முறை ஒன்றுண்டு. கருவி அறைக்குள் சூடமோ சாம்பிராணியோ நுழையக்கூடாது. கருவியின் வெளிமூடியில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பூஜை முழுவதும் நடைக்கூடத்தில். தராசு, அரைவை இயந்திரம், கணினி, எல்லாவற்றுக்கும் அன்று ஓய்வு. மறுநாள் விஜயதசமியன்றுதான் மீண்டும் தொடுவோம். பம்ப்பை மட்டும் ஓடவிட்டுக் கருவியை ஓய்வுநிலைக்குக் கொண்டுவருவதை இதுவரை நானே செய்து வந்தேன். இம்முறை முதலாளி குடும்பத்துடன் வந்துவிட்டதால், அதை ஜெசிந்தாவிடம் விட்டேன். முதலாளியம்மா என்னையே தீபம் காட்டச் சொன்னார். முனைவர் சுதர்சன் கைகளைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்ப்பவரைப் போல நின்றார். அவர் முன்னிலையில் எனக்குக் கிடைத்த அந்த மரியாதையை நான் மறைக்காமல் எழுதுகிறேன்: மகிழ்ந்தேன்.

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, அறைக் கதவிலிருந்து ஜெசிந்தா, "அக்கா, பம்ப்பையும் அமத்தணுமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார். சுதர்சன் புன்னகைத்தார்.

"எல்லாம் என்றால் எல்லாம்தான். ஒன்றை எத்தனை முறை கூறுவது?" என்றேன்.

கேள்விக்குத் தகுந்த பதில் அது. பூஜை சிறப்பாக நிறைவேறியது. சுண்டலில் உப்புக் குறைவு.

அக்டோபர் 5

காலையில் சென்றபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வெற்றிட அளவு எட்டவேண்டிய இடத்தை எட்டியிருக்கவில்லை. இரவெல்லாம் நின்றிருந்ததாகவும், தான் ஏழு மணிக்கே வந்து இயக்கியதாகவும் ஜெசிந்தா கூறினாள். "வெள்ளனவே வந்துட்டேன்க்கா, நீங்க வாரதுக்குள்ள ரெடியா இருக்கட்டும்னு" என்றாள், பாராட்டை எதிர்பார்ப்பவளைப் போல.

நல்ல நாளில் இதைப் பேச வேண்டாமென்று விட்டுவிட்டேன். பிற்பகலில் வெற்றிடம் சரியாகிவிட்டது. சோதனைக் கரைசல் செலுத்திப் பார்த்தேன். திரையில் குறிப்பலை உயரமாகவே எழுந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

அக்டோபர் 6

கவலைப்பட இருக்கிறது.

முதல் மாதிரியில் உயரம். ஒரு மணி நேரத்தில் பாதி. நண்பகலுக்குள் கால்பங்கு. மின்னழுத்தத்தின் திசையை மாற்றி எதிர்மின் அயனிகளுக்கு வைத்துவிட்டு மீண்டும் திருப்பினால், சற்று நேரம் பழைய உயரம் வருகிறது. பிறகு மறுபடியும் சரிகிறது.

கையேட்டின் எந்தப் பக்கத்தில் இது உள்ளது என்று எனக்குத் தெரியும். தண்டின் மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் ஏதோ படிந்துவிட்டது. வந்து மோதும் அயனிகளின் மின்னேற்றம் உலோகத்துக்குள் வடிய வழியின்றிப் படலத்தின் மேலேயே தங்குகிறது. தங்கியது, பின்னால் வருபவற்றை விரட்டுகிறது. வழிகாட்ட வேண்டியதே வழிமறிக்கிறது.

என்ன படலம் என்பது இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 8

மழை. மாடியில் காய்ந்த துணிகளை எடுப்பதற்குள் நனைந்துவிட்டன.

சுதர்சன் வந்து திரைக்கு முன் நின்றார். "என்ன மேடம், உங்க அனுபவம் இறங்கிக்கிட்டே இருக்கு?"

அவர் போனதும் ஜெசிந்தா, "அவன் கெடக்கான்க்கா, அவனுக்கு ஊசிய மாத்தத் தெரியுமா? டாக்டரு பட்டம்னா காய்ச்சலுக்கு மாத்திரயாவது எழுதணும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கினேன்.

பிறகு அவள் மெதுவாக, "பம்ப் நின்னதுனாலயாக்கா?" என்று கேட்டாள்.

"ஆராயாமல் முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது" என்றேன்.

அக்டோபர் 11

கருவியை முறையாக நிறுத்தி, உள்ளே மெல்லக் காற்றை விட்டு, முன்பகுதியைத் திறந்தேன். திறந்தவுடன் மணம். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பம்ப்புக்கு நானே ஊற்றி வரும் எண்ணெயின் மணத்தை என் மூக்கு அறியாதிருக்க வழியில்லை.

வழிநடத்தும் தண்டுகளில், வெயிலில் பார்த்தால் மட்டும் தெரியும் வானவில் நிறப் படலம். துணியால் தொட்டேன், வழுக்கியது.

அடுத்துள்ள நான்கு தண்டுகளையும் கழற்றிப் பார்த்தேன். அவற்றில் எண்ணெய் குறைவு. ஆனால் நுழைவாயிலை ஒட்டிப் பழுப்புக் கறைகள் இருந்தன. இத்தனை ஆண்டுகளில் நான் விலக்கிய அயனிகள் அவை. விலகியவை எங்கும் போய்விடவில்லை. விலக்கிய தண்டின் மேலேயே போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஜெசிந்தா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விலகியவை எங்கே போகும் என்ற அன்றைய கேள்வியை அவள் மீண்டும் கேட்கவில்லை.

பதிவேட்டில், "படிவு காணப்பட்டது, மூலம் ஆய்வில் உள்ளது" என்று எழுதினேன். வாக்கியத்தில் பிழை இல்லை.

அக்டோபர் 12

அரைத்த மாவு புளித்துவிட்டது. இரண்டு தோசை சுட்டு ஒன்றை எறிந்தேன்.

அக்டோபர் 13

முதலாளியின் அறையில் விசாரணை. நான், சுதர்சன், ஜெசிந்தா.

சுதர்சன் நேராக விஷயத்துக்கு வந்தார். சென்னைக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பம்ப் நின்றால் மட்டுமே எண்ணெய் ஏறும் என்று ரெகுநாதன் கூறினாராம். வால்வைப் பற்றி ரெகுநாதன் ஏதும் கூறினாரா என்பதை நான் கேட்கவில்லை.

"பூஜை அன்னைக்கு பம்ப்பை நிறுத்தினது யாரு?"

"நாந்தான் சார்" என்றாள் ஜெசிந்தா.

"யார் நிறுத்தச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். முதலாளியும் என்னைப் பார்த்தார். தீபம் காட்டிய இடத்தில் அவர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். முதலாளியம்மா பிரசாதம் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் பதில் சுதர்சன் காதில் விழுந்திருக்கலாம், விழுந்திருந்தாலும் அவர் கேட்டது அந்தக் கேள்வியின் அபத்தத்தைத்தான். இதையெல்லாம் அந்த ஒரு கணத்தில் நான் எண்ணிப் பார்த்தேன் என்று கூறுவது மிகையாகும்.

"எம்மா சண்முகக்கனி, நீ சொன்னியாம்மா?" என்றார் முதலாளி.

"கருவிகளுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது பொதுவாக நான் கூறி வரும் முறை. பம்ப்பை நிறுத்தும்படி குறிப்பாக நான் ஆணையிட்டதாக என் நினைவில் இல்லை. நிறைமானியின் பம்ப்பை நிறுத்தக்கூடாது என்பது இங்கு பணிபுரியும் எவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை" என்றேன்.

"பதில் கிடைச்சுதா?" என்று முதலாளி ஜெசிந்தாவைக் கேட்டார்.

அவள் மேசையைப் பார்த்தபடியே, "கெடச்சிட்டு சார்" என்றாள்.

சுதர்சனின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அவர் வலை விரித்தது வேறொருவருக்கு.

அக்டோபர் 14

ஜெசிந்தாவை இன்றோடு வர வேண்டாமென்று கூறிவிட்டார்கள். தன் தண்ணீர்ப் பாட்டிலையும், நாற்காலியில் போட்டிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டாள். கருவி அறைக்கு வந்தாள். நான் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

"போய்ட்டு வாரேங்க்கா."

"நல்லது."

"எல்லாம்னா எல்லாம்தான்னு நீங்க சொன்னத அங்க சொல்லணும்னுதான் நேத்து உள்ள வந்தேன். ஒங்க மொகத்தப் பாத்தேன். வாய் வரல. அவன் தேடுனது ஒங்களல்லா? எங்கிட்ட ஒரு சர்டிபிகேட்டு கெடக்கு, இது இல்லன்னா இன்னொரு லேப். ஒங்கள இங்கருந்து எறக்குனா வேற எவன் சேப்பான்?"

நான் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அதுக்காவ நீங்க சரின்னு நெனச்சிராதீங்க" என்று கூறிவிட்டுப் போனாள்.

இதை இங்கே பதிவு செய்வதற்குக் காரணம், ஓர் உதவியாளர் தன் மேலதிகாரியிடம் எந்த அளவுக்கு வரம்பு மீறிப் பேசக்கூடும் என்பதற்கு இது சான்று என்பதே. என்மேல் இரக்கப்படும் உரிமையை நான் எவருக்கும் வழங்கியதில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் என்று சுதர்சன் கூறியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அக்டோபர் 18

தண்டுகளை மெத்தனாலில் கழுவி, உலர்த்தி, கையுறை அணிந்த விரல்களால் ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். ஒரு தண்டு தலைமுடியின் பருமனில் பத்திலொரு பங்கு நகர்ந்தாலும் பிரிக்கும் திறன் கெடும். நகரவில்லை. வெற்றிடம் வந்தது. குறிப்பலை எழுந்தது, பகல் முழுவதும் நின்றது.

இந்த மாவட்டத்தில் இதைச் செய்யக்கூடியவர் வேறெவருமிலர். அதைச் சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரேயொரு குறை. எந்த மாதிரியும் செலுத்தாதபோதும், திரையின் அடிப்பகுதியில் எண்ணெய்க்குரிய சிறு முகடுகள் வரிசையாகத் தெரிகின்றன. தண்டுகளில் இல்லை, சுவர்களிலோ குழாய்களிலோ எங்கோ தங்கியிருக்க வேண்டும். மிகச் சிறியவை. முடிவைப் பாதிக்காது. பின்னணி என்று கழித்துவிடலாம்.

அக்டோபர் 27

குழு வந்தது. மூவர். என்னிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டனர், அனைத்துக்கும் விடையளித்தேன். தலைவராக வந்த அம்மையார், "எங்க படிச்சீங்க?" என்றார். "இங்கேதான்" என்று அறையைக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

கருவிக் கோளாறு குறித்த கேள்விக்கு, "பயிற்சி குறைந்த பணியாளரின் தவறு, நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று சுதர்சன் கூறினார். அது எனக்குச் சாதகமான வாக்கியம். நான் தலையசைத்தேன்.

பொறுப்பாளராக நான் தொடர்கிறேன். முதலாளியம்மா இனிப்பு கொடுத்தனுப்பினார். தொடவில்லை.

நவம்பர் 9

ரெகுநாதன் வந்து வால்வை மாற்றினார். வேண்டுகோள் என்னுடையது, "வழக்கமான மாற்றம்" என்று எழுதியிருந்தேன்.

"அப்பவே மாத்தியிருக்கலாம் மேடம்" என்றார் திருகாணியை முடுக்கியபடி. "அந்த ஜெசிந்தா இல்லையா? போன தடவை நல்லா டீ வாங்கிக் குடுத்தாங்க."

"இல்லை."

அவர் பழைய வால்வை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வளையம் தேய்ந்து, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. குப்பையில் போட்டேன். மீண்டும் எடுத்து இழுப்பறையில் வைத்தேன். காரணம் எதுவுமில்லை.

டிசம்பர் 24

நாகப்பட்டினத்திலிருந்து ஓர் ஆய்வகத்தார் தொலைபேசியில் அழைத்தனர். ஜெசிந்தா பர்னாந்து அங்கே விண்ணப்பித்திருக்கிறாளாம். என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாள். ஏன் என் பெயரை?

"எப்படிம்மா, நம்பி எடுக்கலாமா?" என்று அந்த மனிதர் கேட்டார்.

நான் கூற வேண்டிய வாக்கியம் முழுமையாக என் நாவில் இருந்தது. எழுவாய், பயனிலை, எல்லாம் சரியாக. அதே நேரத்தில் கண்ணாடிக்கு அப்பால் சுதர்சன் ஏதோ தாளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சொன்னதைச் சொன்னபடி செய்வார்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"புரியுதும்மா" என்று வைத்துவிட்டார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவர் குரலிலிருந்து தெரிந்தது. நான் கூறியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. திரும்ப அழைத்து விளக்கியிருக்கலாம். எண் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது.

கடைத்தெருவில் மக்ரூன் வாங்கினேன். இனிப்பு அதிகம்.

மார்ச் 2

நாகப்பட்டினத்தில் வேலை கிடைக்கவில்லை என்றும், ஜெசிந்தா இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்றும் அரைவை அறையில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தெரு வழியாக நான் செல்வதில்லை. முன்பும் அதிகம் சென்றதில்லை.

ஜூலை 15

புதிய உதவியாளர் இந்துஜா. முதுநிலைப் பட்டம். "மேடம்" என்றுதான் அழைக்கிறாள். ஒருமுறை கூட மாறவில்லை. கருவி அறையில் அமைதி நிலவுகிறது.

திரையைக் காட்டி, "மேடம், சாம்பிள் இல்லாமலே கீழே சின்னச் சின்னதா வருதே, அது என்ன?" என்றாள்.

"பழையது. கழித்துவிட வேண்டும்."

"கிளீன் பண்ணினா போகாதா?"

"மூன்று முறை செய்துவிட்டேன்" என்றேன்.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. நடைக்கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தனர். முதலாளியம்மா இவ்வாண்டும் என்னையே தீபம் காட்டச் சொன்னார். சூடம் ஏற்றித் தட்டை உயர்த்தியபோது, கதவருகிலிருந்து இந்துஜா கேட்டாள்:

"மேடம், எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன். பம்ப்பையும் ஆஃப் பண்ணணுமா?"

அதே கதவு. அதே நேரம். சுதர்சன் இம்முறை புன்னகைக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். எல்லோரும் நிற்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அறைக்குள் சென்று, பம்ப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக, ஓடிக்கொண்டிருந்தது.

"இதை நிறுத்தக்கூடாது. யார் கூறினாலும் நிறுத்தக்கூடாது" என்றேன். பிறகு, "நான் கூறினாலும்" என்றேன்.

இந்துஜா சிரித்துவிட்டாள். "நீங்க போய் அப்படிச் சொல்வீங்களா மேடம்?"

பம்ப்பிலிருந்து கையை எடுத்தேன். திரும்பி வந்தபோது சூடம் அணைந்திருந்தது. தீப்பெட்டியைத் தேடி எடுத்து மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. அதுவரை எல்லோரும் கும்பிட்ட கைகளுடன் காத்திருந்தார்கள்.